யாரும் கேட்காத பங்கு

வராந்தா நாற்காலியிலிருந்து எழுந்து போலீஸ்காரர் கதவை மறித்தார்.

“இப்பதானே பார்த்துட்டு வந்தீங்க. போதும்மா.”

“தண்ணி குடுக்கணும். ரெண்டு கையிலயும் கட்டு. அவரா எடுத்துக் குடிக்க முடியாது.”

“நர்ஸ் வருவாங்க.”

“நர்ஸ் வர்றதுக்குள்ள தொண்டை காஞ்சிரும். வழி விடுங்க.”

அவர் விடவில்லை. பாப்பா அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் கால் தடுக்கிச் சுவரில் தலையை இடித்துக்கொண்டார். அடுத்த கணம் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி, முதுகுக்குப் பின்னால் மடக்கி, கன்னத்தைச் சுவரோடு வைத்து அழுத்தினார். சுண்ணாம்பு வாயில் கரித்தது.

“பொம்பளையாச்சேன்னு பார்க்கறேன். இன்னொரு தடவை கை நீண்டுச்சுன்னா, சாயங்காலம் வீட்டுக்காரரோட சேர்த்து உங்களையும் ஏத்திக்கிட்டுப் போயிருவேன்.”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஏதோ இரும்பு தரையில் விழுந்தது. “அவளை விடுங்க” என்று கேட்ட குரல் அவள் கணவருடையதுதான். ஆனால் புகை தின்ற தொண்டையிலிருந்து அது வேறு யாருடைய குரலைப் போலவோ வந்தது.

போலீஸ்காரருக்கே சங்கடமாகப் போயிற்று. பிடியை விட்டார். “சீக்கிரம் குடுத்துட்டு வாங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குடிநீர் நிலையத்துத் தோட்டமும் அதன் மேட்டுச் சரிவும் எரிந்து கரியான அன்று அங்கே காவலுக்கு இருந்தவர் பாப்பாவின் கணவர். கேட்டருகே ஒரு சாவடி. அதில் டீ போட ஒரு ஸ்டவ். தீ அந்தச் சாவடியிலிருந்துதான் கிளம்பியது என்று நிலையத்தின் பொறியாளர் அம்மா போலீஸிடம் சொல்லிவிட்டார். டாக்டர் சாயங்காலம் வந்து பார்த்து ‘கிளம்பலாம்’ என்றால், அவர் கிளம்புவது வீட்டுக்கு இல்லை.

பாப்பா தம்ளரை அவர் உதட்டில் வைத்தாள். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது.

“அண்ணனுங்ககிட்டப் பேசினியா?”

“பேசினேன். பார்க்கலாம்னாங்க.”

“இன்னிக்கு ரெண்டு பேரும் அங்கதான் இருப்பாங்க. எரிஞ்ச சரிவைச் சீர்பண்ற வேலையை யாருக்குக் குடுக்கறதுன்னு மேடம் இன்னிக்கு முடிவு பண்றாங்க. நேராப் போ. தீ சாவடியில பிடிக்கல. மேட்டுக்குப் பின்னாடி இருந்துதான் வந்துச்சு. நான் தண்ணி வால்வைத் திறக்கத்தானே ஓடினேன். பழுக்கக் காய்ஞ்ச சக்கரம்னு தெரிஞ்சும் ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திருகினேன். பத்த வச்சவன் அப்படிச் செய்வானா? அதை மட்டும் கேட்கச் சொல்லு.”

அவள் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

●

குடிநீர் நிலையத்துக் கேட்டை அவள் எட்டியபோது அங்கே முதல் அடி விழுந்திருந்தது.

பெரியண்ணனின் லாரி சின்னண்ணனின் லாரியைப் பின்னாலிருந்து முட்டி, கேட்டுத் தூணோடு நசுக்கிக்கொண்டிருந்தது. விளக்குகள் நொறுங்கின. நாற்றுத் தொட்டிகள் உருண்டு விழுந்து உடைந்தன. முட்டிய லாரி நிற்கவில்லை. பின்னுக்கு வந்து மறுபடி முட்டியது.

சின்னவன் இறங்கி ஓடிவந்து பெரியவனின் டிரைவரைச் சட்டையோடு பிடித்து இழுத்துக் கீழே போட்டான். கையில் ஸ்பேனர். முதல் அடி டிரைவரின் தோளில் விழுந்தது. இரண்டாவது அடி விழுவதற்குள் பெரியவன் வந்து தம்பியின் தலைமயிரைப் பற்றிப் பின்னுக்கு வளைத்து, முழங்காலால் விலாவில் இடித்தான். அந்த இடைவெளியில் பெரியவனின் ஆள் ஒருவன் லாரியை ஓட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

“உள்ள போயாச்சு” என்று பெரியவன் மூச்சிரைக்கச் சொன்னான். “மேல் துண்டு எனக்கு.”

பெரியவனைத் தோட்டத் தொழிலில் இருப்பவர்கள் ‘உருளை’ என்பார்கள். புல்தரையில் உருளை ஓட்டித்தான் பேர் வாங்கினான். அப்புறம் ஆட்கள் மேலும் ஓட்ட ஆரம்பித்தான். தம்பி ‘கத்திரி’. வேலி வெட்டுவதில் கைநேர்த்தி. நாக்கும் அதே கூர்மை. போன வருஷம்வரை இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே லாரி. இந்த நிலையத்துத் தோட்டத்தைப் பராமரித்ததும் அவர்கள்தான். பிரிந்தபோது நாற்றுப் பாத்தி முதல் செடி வெட்டும் கத்திரிக்கோல்வரை எண்ணிப் பிரித்தார்கள். பாப்பாவுக்கு ஒரு பூந்தொட்டிகூட வரவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

பொறியாளர் அம்மா மேட்டிலிருந்து வேகமாக இறங்கிவந்தார். ரப்பர் பூட்ஸ், முழங்கால்வரை சாம்பல்.

“இது என்ன குத்துச்சண்டை மைதானமா?”

“பிரேக் பிடிக்கல மேடம்” என்றான் பெரியவன்.

“ரெண்டு தடவையுமா?”

சின்னவன் உதட்டு ரத்தத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

“இன்னொரு அடி விழுந்தா ரெண்டு பேரையும் அனுப்பிட்டு வேற ஆளைக் கூப்பிடுவேன்” என்றார் அவர். கூப்பிட நேரமில்லை என்பது மூவருக்குமே தெரியும். மேற்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. சரிவுக்கு நேர் கீழே திறந்த வடிகட்டித் தொட்டிகள். ஒரு நல்ல மழை போதும், மேட்டுச் சாம்பல் முழுக்க ஊரின் குடிதண்ணீரில் கலந்துவிடும்.

அதனால்தான் அவர் இப்படி ஒரு முறையைக் கொண்டுவந்தார். விலை மட்டும் பார்த்து வேலையைத் தூக்கிக் கொடுப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆளுக்கு ஒரு துண்டு நிலம், கயிறு கட்டி அளந்தது. மத்தியானத்துக்குள் அதைச் சீர்செய்து காட்ட வேண்டும். அப்புறம் மேலேயிருந்து டாங்கர் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். யாருடைய மண் நிற்கிறதோ அவருக்கு மொத்தச் சரிவும். முதலில் வந்து சேருகிறவர் தனக்குப் பிடித்த துண்டை எடுத்துக்கொள்ளலாம் என்று போனில் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை சேதம் வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

“எனக்கு ஒண்ணு புரியல” என்றார். “மேல் துண்டு செங்குத்து. வாய்க்காலை ஒட்டி இருக்கு. யாராயிருந்தாலும் கீழ்த் துண்டைத்தான் கேட்பாங்க.”

“கஷ்டமான இடத்துல செஞ்சு காட்டறதுதானே மேடம் வேலை” என்றான் பெரியவன்.

“நானும் அதுக்குத்தான் கேட்டேன்” என்றான் சின்னவன். அண்ணனைப் பார்க்காமலே சொன்னான்.

●

பாப்பா பெரியவனின் பின்னாலேயே மேடேறினாள்.

“பெரியண்ணா, சாயங்காலம் அவரைக் கூட்டிட்டுப் போயிருவாங்க. மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. தீ பின்னாடி இருந்து வந்துச்சுன்னு அவர் சொல்றாரு. போய்ப் பார்க்கச் சொல்லுங்க, போதும்.”

“வேலை கைக்கு வரட்டும்.”

“அதுக்குள்ள சாயங்காலம் ஆயிரும்.”

“வேலை வந்தா மேடம் என் பேச்சைக் கேப்பாங்க. வரலைன்னா நான் யாரு, வழியில போறவன்.” மண்வெட்டியை எடுத்து அவள் கையில் திணித்தான். “சும்மா நிக்காதே. ஆள் பத்தல. டிரைவருக்குத் தோள் போச்சு. அந்த ஓரத்துல வெட்டு.”

அவள் வெட்டினாள். இந்த வேலை அவளுக்குப் புதிது இல்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அண்ணன்களின் பாத்திகளில் குனிந்து நிமிர்ந்தவள்தான். எரிந்த மண்ணில் மேலே சாம்பல். அதற்குக் கீழே மெழுகு பூசியதுபோல ஒரு தோல். அதைக் கொத்தி உடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். உடைத்துவிட்டு, சரிவுக்குக் குறுக்கே வைக்கோல் உருட்டுகளைப் பதித்து, முளை அடித்து நிறுத்த வேண்டும். அப்புறம்தான் விதை.

கரிந்த அடிமரங்கள் சுற்றிலும் நின்றன. வெட்ட வெட்டக் கறுப்புத்தான். ஒரு விரல் ஆழம் கறுப்பு, அப்புறம் வழக்கமான மண்.

வாய்க்கால் ஓரம் போனதும் மண்வெட்டி ‘டங்’ என்றது.

கல் என்று நினைத்தாள். மறுபடி போட்டாள். கல் இல்லை. மண்தான். ஆனால் சூளையில் வெந்த மண்போலச் சிவந்து, கட்டிபட்டுக் கிடந்தது. முழங்கை ஆழத்துக்குத் தோண்டியும் சிவப்புத் தீரவில்லை. பக்கத்தில் கொத்திப் பார்த்தாள். அங்கேயும் சிவப்பு. அது வட்டமாக வளைந்து போனது.

அவள் கை நின்றது.

புல்லில் ஓடுகிற தீ மண்ணைக் கருக்கும், சிவக்க வைக்காது. மண் இப்படி வேக வேண்டுமானால் நெருப்பு ஒரே இடத்தில் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். தோட்டத்தில் வெட்டுகிற கிளையையும் புல்லையும் மிஷினில் சீவி, அண்ணன்கள் இங்கேதான் குவித்து வைப்பார்கள். புதர் மறைவு, கேட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. ஈரத்தோடு குவித்ததை அடிக்கடி கிளறிவிட வேண்டும். கிளறாமல் விட்டால் உள்ளே சூடேறும். கையை விட்டால் கை வெந்துபோகிற சூடு. அதற்கு மேலும் விட்டால் தானாகவே கனல ஆரம்பிக்கும். அவர்கள் தொழிலில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

தீப்பிடித்த மறுநாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்டாளே. “பின்னாடி நம்ம குவியல் இருந்துச்சே, அது என்ன ஆச்சு?” என்று. “அதைச் சின்னவன் அப்பவே அள்ளிட்டான்” என்றான் பெரியவன். “அதெல்லாம் பெரியவர் அள்ளியாச்சு” என்றான் சின்னவன். இரண்டு பேர் சொன்னதிலும் அவள் காதில் விழுந்தது ‘அள்ளியாச்சு’ என்பது மட்டும்தான்.

ஒரு செருப்புக்கால் வந்து மண்வெட்டியின் மேல் ஏறி நின்றது.

“அங்க வெட்ட வேண்டாம்” என்றான் பெரியவன்.

“அண்ணா, இது…”

“வெட்ட வேண்டாம்னேன்.” ஒரு வைக்கோல் உருட்டை இழுத்து அந்தச் சிவப்பின் மேல் போட்டான். அதற்கு மேல் இன்னொன்று. வேலைக்கு ஒன்று போதும். குனிந்து முளை அடித்தபடியே, ஏதோ செடியைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னான். “வாயை மூடிக்கிட்டு இருந்தா உன் வீட்டுக்காரனுக்குப் பெரிய வக்கீல் வைக்கறேன். திறந்தா, உள்ள போறது அவன் இல்ல, நான். எது வேணும்னு யோசிச்சுக்க.”

“உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

“முளையை எடு.”

“தெரிஞ்சுதான் இந்தத் துண்டுக்கு லாரியை விட்டு இடிச்சீங்க.”

அவன் சுத்தியலை ஓங்கினான். முளையின் தலையில் இறக்கினானா, அவள் விரலுக்குக் குறிவைத்தானா என்று சொல்ல முடியாது. அவள் கையை இழுத்துக்கொண்டதால் முளை பிளந்தது.

●

டாங்கர் திறந்தது.

மேலேயிருந்து தண்ணீர் சாம்பலைச் சுருட்டிக்கொண்டு இறங்கியது. பெரியவனின் துண்டில் உருட்டுக்கு உருட்டு தயங்கி, தேங்கி, உள்ளே இறங்கியது. அடியில் சொட்டியது தெளிந்த தண்ணீர். சின்னவனின் துண்டில் முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நடுவே ஒரு உருட்டு பெயர்ந்தது. அது கீழேயிருந்ததை இடித்தது. பிறகு மொத்தமும் கறுப்புக் குழம்பாக வழிந்து பொறியாளர் அம்மாவின் பூட்ஸ்மேல் ஏறியது.

அவர் இரண்டு துண்டிலும் ஏறி இறங்கினார். குச்சியால் குத்திப் பார்த்தார். பிறகு பெரியவனிடம் வந்தார்.

“வேலை உங்களுக்கு. மழைக்கு முன்னாடி வாய்க்கால் ஓரம் முழுக்க மூடியாகணும். இன்னிக்கே ஆரம்பிங்க.”

“இப்பவே மேடம்.”

சின்னவன் மண்வெட்டியைத் தூக்கி ஒரு கரிந்த அடிமரத்தில் அடித்தான். காம்பு முறிந்தது. பொறியாளர் அம்மா காதில் போட்டுக்கொள்ளாமல் டாங்கர்காரரிடம் பேசக் கீழே இறங்கினார்.

பாப்பா அவரை நோக்கி ஓடினாள்.

“மேடம், ஒரு நிமிஷம்…”

பின்னாலிருந்து ஒரு கை அவள் வாயைப் பொத்தியது. பெரியவன். அவள் கடித்தாள். அவன் கையை உதறிவிட்டு அறைந்தான். காதுக்குள் இரைச்சல் எழுந்தது. ஒரு பக்கம் எதுவுமே கேட்கவில்லை. அவள் தவழ்ந்துபோய் மேல் துண்டின் உருட்டை இரு கையாலும் பிடுங்கினாள். சிவப்பு மண் வெளியே தெரிந்தது.

அதைப் பார்த்துச் சின்னவன் ஓடிவந்தான். தனக்காகத்தான் வருகிறான் என்று அவள் ஒரு கணம் நினைத்தாள். அவன் வந்த வேகத்தில் அவள் கால்கள் இரண்டையும் பிடித்து இழுத்தான்.

“மூடுங்க முதல்ல. மேடம் திரும்பறதுக்குள்ள மூடுங்க” என்றான் அண்ணனிடம்.

பெரியவன் தோளைப் பிடிக்க, சின்னவன் காலைப் பிடிக்க, அவளைச் சாம்பலில் புரட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பிரிந்த பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

அவளுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. அந்தத் துண்டை மறைக்க நினைத்தது ஒருவன் மட்டும் இல்லை. இரண்டு பேருமே அதற்காகத்தான் மல்லுக்கு நின்றார்கள்.

அடிமரத்தருகே அவளைப் போட்டார்கள். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. கத்தினாலும் டாங்கர் சத்தத்தில் கேட்காது. கேட்டாலும் ஒருத்தி சொல்வதை இரண்டு பேர் மறுத்தால் முடிந்தது. அண்ணன்கள் எப்போது வாயைத் திறப்பார்கள் என்பது பிறந்ததிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

“சின்னண்ணா” என்றாள். “எதுக்கு இவருக்குப் பிடிச்சுக் குடுக்கறீங்க? குவியல் உங்க பங்குன்னு இவர் அன்னிக்கே சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரியில, என்கிட்ட.”

சின்னவனின் பிடி தளர்ந்தது. “என்ன சொன்னாரு?”

“சின்னவன் அள்ளிட்டான்னு சொன்னாரு. நாளைக்கு எவனாவது தோண்டினா யார் பேர் வரும்? வேலையும் இப்ப அவர் கையில.”

“அவ பேச்சைக் கேக்காதடா” என்றான் பெரியவன்.

“சொன்னியா இல்லையா?”

“உன்னுதைத்தானே உன்னுதுன்னேன்.”

முறிந்த காம்பு சுழன்றது. பெரியவனின் முழங்கையில் பட்ட சத்தம் சுள்ளி ஒடிவதுபோல இருந்தது.

அவன் அலறவில்லை. மற்றக் கையால் முளை அடிக்கிற சுத்தியலை எடுத்துத் தம்பியின் தோள்பட்டையில் இறக்கினான். எலும்பு உள்வாங்கியது. சின்னவன் தலையால் முட்டினான். பெரியவனின் மூக்கு உடைந்து சட்டையெல்லாம் சிவந்தது. இருவரும் கட்டிக்கொண்டு சரிவில் உருண்டு, வைக்கோலைப் பிய்த்துக்கொண்டு, அந்தச் சிவப்பு வட்டத்திலேயே போய் விழுந்தார்கள்.

இரண்டு லாரி ஆட்களும் ஓடிவந்தார்கள். பாப்பா எழுந்து நின்றாள். கடப்பாரையை எடுத்துக் குறுக்கே நீட்டினாள்.

“யாரும் போகக் கூடாது.”

“அம்மா, கொன்னுக்குவாங்க.”

“பேசிட்டு இருக்காங்க. பேசி முடிக்கட்டும்.”

ஒருவன் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தான். அவள் கடப்பாரையை அவன் கால் விரலுக்கு ஒட்டினாற்போல மண்ணில் குத்தினாள். அவன் நின்றுவிட்டான். டாங்கர் சத்தம் அடங்கியிருந்தது. பொறியாளர் அம்மா மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்.

“பிரிஞ்சதுக்கப்புறம் ஒரு தடவையாவது வந்து கிளறினியாடா?” பெரியவன் தம்பியின் தொண்டையில் முழங்காலை வைத்திருந்தான்.

“நான் எதுக்குக் கிளறணும்? உன் பங்கு அது.”

“என் பங்குன்னு எவன் சொன்னான்?”

“கத்திரிக்கோல் வரைக்கும் எண்ணி எடுத்துக்கிட்டியே. இதை ஏன் எண்ணல? அள்ளிட்டுப் போற வேலை உனக்குக் கஷ்டம்.” சின்னவன் அவன் முகத்தில் மண்ணை வீசிவிட்டுப் புரண்டு மேலே வந்தான். ஒடிந்த தோளைப் பொருட்படுத்தாமல் ஒரு கையாலேயே குத்தினான். “உனக்குக் கஷ்டம்னா எனக்கும் கஷ்டம்தான்.”

பொறியாளர் அம்மா பாப்பாவின் பக்கத்தில் வந்து நின்றார். “நிறுத்துங்க” என்று கத்த வாயெடுத்தார். பாப்பா அவர் கையைப் பிடித்தாள்.

“ஒரு நிமிஷம் மேடம். என்ன பேசறாங்கன்னு மட்டும் கேளுங்க.” பிறகு குரலை உயர்த்தினாள். “எவ்வளவு உயரம் குவிச்சீங்க, சின்னண்ணா?”

“அவனைக் கேளு. தலைக்கு மேல போகாதேன்னு நான் சொன்னேன். லாரி நடை மிச்சம், இன்னும் ஏத்துன்னவன் இவன்.”

“ஏத்தினது யாரு? ரெண்டாள் உயரம் ஏத்தினது யாரு?” பெரியவன் அவன் காதைப் பற்றித் திருகினான். “புகை வருதுன்னு உன் ஆள் வந்து சொன்னான்ல? தீப்பிடிக்கறதுக்கு முன்னாடி. நீ என்னடா பண்ணினே?”

“உன்னுது எரிஞ்சா எனக்கென்னன்னு விட்டேன்.”

பொறியாளர் அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அவர் பார்வை சிவப்பு மண்ணுக்குப் போனது, அங்கிருந்து வாய்க்காலுக்கு, அங்கிருந்து கீழே தூரத்தில் தெரிந்த சாவடிக்கு.

“இங்க இருந்தா கிளம்பிச்சு?”

“சீவின மரம், புல். கிளறாம விட்டா தானா பத்திக்கும். பல நாள் உள்ளுக்குள்ள கனன்றிருக்கு. மண்ணைத் தோண்டிப் பாருங்க, எவ்வளவு ஆழம் வெந்திருக்குன்னு தெரியும். ஒரு ஸ்டவ்வால இது ஆகாது.”

“ஐயோ, அவங்களைப் பிரிங்க” என்றார் அவர் ஆட்களைப் பார்த்து.

பாப்பா கடப்பாரையைக் கீழே போட்டாள்.

ஆனால் தாமதமாகிவிட்டது. இருவரும் தடுமாறி எழுந்ததும் சின்னவன் நல்ல கையால் அண்ணனை ஓங்கித் தள்ளினான். பெரியவன் பின்னால் சாய்ந்தான். பிடித்துக்கொள்ள ஒரு கைதான் இருந்தது. அதற்கும் காற்றைத் தவிர எதுவும் அகப்படவில்லை. வாய்க்காலின் சிமென்ட் விளிம்பில் அவன் பின்தலை பட்டது.

சின்னவன் நின்ற இடத்திலேயே நின்றான். தன் கையைப் பார்த்தான். பிறகு “அண்ணா” என்றான், தூங்குகிறவனை எழுப்புகிற குரலில். “அண்ணா, எந்திரி. மேடம் வந்திருக்காங்க.”

பாப்பா சரிந்து இறங்கிப் போய்ப் பெரியவனின் தலையை மடியில் எடுத்தாள். கையெல்லாம் சூடாக ஈரம். அவன் கண்கள் அவளைத் தேடின.

“பாப்பா.” மூக்கு உடைந்திருந்ததால் வார்த்தை கொழகொழத்தது. “நீ நினைச்சிருந்தா நிறுத்தியிருக்கலாம்.”

“நிறுத்தியிருந்தா நீங்க சொல்லியிருக்க மாட்டீங்கண்ணா.”

அவன் அதை ஒப்புக்கொண்டதுபோல இமையை மூடினான். மறுபடி திறக்கவில்லை.

மேலே பொறியாளர் அம்மா போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு வழி சொல்லிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு இறங்கிவந்தார். பாப்பாவின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அடுத்து போலீஸுக்குப் பேசணும்” என்றார். “உங்க வீட்டுக்காரரைப் பத்தி நான் சொன்னது தப்புன்னு சொல்றேன். நானே சொல்றேன்.” மேலே கிடந்த கடப்பாரையைப் பார்த்தார். “ஆனா நான் பார்த்தது எல்லாத்தையும் சொல்லியாகணும். பிரிக்க வந்தவங்களை நீங்க கடப்பாரையோட நிறுத்தி வச்சிருந்தீங்க. என் கையையும் பிடிச்சீங்க. அதை என்னால மறைக்க முடியாது.”

லாரி ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேகம் தலைக்கு மேல் வந்துவிட்டிருந்தது. முதல் துளி சிவப்பு மண்ணில் விழுந்து, உறிஞ்சப்பட்டு, இல்லாமல் போனது.

“மறைக்க வேண்டாம் மேடம்” என்றாள் பாப்பா. “ஆனா முதல்ல அவரைப் பத்திச் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள. என்னைப் பத்தி அப்புறம் சொல்லலாம், நான் எங்கயும் ஓடிர மாட்டேன்.”

பொறியாளர் அம்மா தலையசைத்துவிட்டு எண்ணை அழுத்தினார்.

சின்னவன் மண்டியிட்டு அண்ணனின் நெஞ்சில் காதை வைத்தான். மழை வலுத்தது. உள்ளே துடிக்கிறதா இல்லையா என்று அவன் சொல்லவில்லை. வைத்த காதை எடுக்கவும் இல்லை.